ஆம்ஸ்ஹவுஸ் (ஏழைகளுக்கான தர்ம விடுதி) கட்டடங்களில் ஏன் இத்தனை புகைபோக்கி?

மாடிப்படி_மாணவன்:
கட்டடக்கலை மூன்றாம் வருஷம். இங்கிலாந்தில் வின்செஸ்டர் ஊரின் செயின்ட் கிராஸ் ஆம்ஸ்ஹவுஸ் போயிருந்தேன். 1130களில் பிஷப் ஹென்றி ஆஃப் ப்ளுவா 13 ஏழைகளுக்காகத் தொடங்கிய இடம். தேவாலயம் பிரம்மாண்டம்தான், ஆனால் என் கண் மேற்குப் பக்க வீட்டு வரிசையை விட்டு நகரவில்லை. முற்றத்தைப் பார்த்த சுவரை ஒட்டியே புகைபோக்கிகள் எழும்பி, கூரையைத் தாண்டி நிற்கின்றன. தர்மத்துக்குக் கட்டியதில் இவ்வளவு செலவா? வெறும் அழகுக்கா?

ஓய்வுபெற்ற_ஓவர்சியர்:
தம்பி, அந்த வரிசை ஹென்றி காலத்து வேலையே கிடையாது. 15ஆம் நூற்றாண்டில் கார்டினல் போஃபோர்ட் கட்டியது. நொடித்துப்போன நல்ல குடும்பத்து ஆட்களுக்கென்று தனிப் பிரிவே தொடங்கினார் அவர். பொதுக்கூடத்தில் படு என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? ஆளுக்கொரு ஜாகை, அதில் கணப்பு. கணப்பு வந்தால் புகை போக வழி வேண்டாமா? அவ்வளவுதான் விஷயம்.

அதற்கு முந்தைய நிலையைப் பார்க்க ஆசையிருந்தால் சிச்செஸ்டர் ஊரின் செயின்ட் மேரீஸ் போய் வா, நோயாளிகளையும் ஏழைகளையும் வைத்துப் பார்த்த இடம். 13ஆம் நூற்றாண்டுக் கூடம். ராட்சசக் கூரை, இறவாரம் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரை இறங்கும். உள்ளே இரண்டு வரிசை மரத்தூண். தூணுக்கு வெளிப்பக்கம் படுக்கைகள், கிழக்குக் கோடியில் சிற்றாலயம். நோயாளி படுத்தபடியே பூசை காணலாம். 17ஆம் நூற்றாண்டில் அந்தக் கூடத்துக்குள்ளேயே குட்டி வீடுகள் கட்டி, செங்கல் புகைபோக்கிகளைக் கூரையைத் துளைத்து மேலே கொண்டுபோய்விட்டார்கள். வெளியே நின்று பார், ஓட்டுக்கூரை நடுவே செங்கல் தண்டுகள் சம்பந்தமே இல்லாமல் நிற்கும். எனக்கு செயின்ட் கிராஸைவிட இதுதான் பிடிக்கும். பழையதை இடிக்கவில்லை பாருங்கள்!

ஆக்ஸ்ஃபோர்டு_அக்கா:
சார் சொன்னதோடு ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து யூவெல்ம் கிராமத்து ஆம்ஸ்ஹவுஸையும் சேர்த்துக்கொள். 1437இல் அனுமதி வாங்கி அலிஸ் டி லா போல், கணவர் வில்லியமோடு கட்டியது. அலிஸ், ஆங்கிலக் கவிஞர் சாசரின் பேத்தி. இங்கேயும் 13 பேர்தான். சின்ன முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மரச்சட்டங்களுக்கு நடுவே செங்கல் அடைத்த சுவர். தாழ்வாரத்திலிருந்து மூடிய படிக்கட்டு ஒன்று நேரே தேவாலயத்தின் மேற்கு வாசலுக்கு ஏறுகிறது. தினமும் புரவலருக்காக ஜெபிப்பது கட்டாயம். மழை என்று சாக்குச் சொல்ல முடியாதபடி கட்டிவிட்டார்கள் 😄

மாடிப்படி_மாணவன்:
நன்றி சார், அக்கா. சிச்செஸ்டரில் உள்ளே போய் அளவெடுக்க விடுவார்களா?

ஓய்வுபெற்ற_ஓவர்சியர்:
இப்போதும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள் தம்பி. முன்கூட்டி எழுதிக் கேள். அளவெடுக்க வசதி வேண்டுமென்றால் லண்டன் ஷோர்டிச் பகுதியில் ஜெஃப்ரி ஆம்ஸ்ஹவுஸ் வீடுகள் இருக்கின்றன, 1714இல் கட்டியவை. மொத்தம் 14 வீடு ஒரே வரிசையில், நடுவில் சிற்றாலயம். 1914லிருந்து மியூசியம், குடியிருப்பவர் யாரும் இல்லை. ஒரு வீட்டைப் பழைய மாதிரியே திருப்பி அமைத்திருக்கிறார்கள். டேப்பை எடுக்குமுன் அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுவிடு.