கடை திறந்தாயிற்று, கணினி இன்னும் திறக்கவில்லை

தட்டச்சுக் கடைக்காரர், திருகோணமலை நகர்:

கணினிக்குள் நுழைந்தவுடன் வேலைக்குரிய மென்பொருள்கள் தாமாகவே திறந்து நிற்பதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போட்டோகொப்பி, தட்டச்சு, ஸ்கேன் செய்து கொடுக்கிற சிறிய கடை என்னுடையது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் பாதைக்காக (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைக்காக) காத்து நிற்பதில்லை. எட்டு மணிக்கு நான் கதவைத் தூக்கும்போதே இரண்டு மூன்று பேர் படிவங்களோடு வாசலில் நிற்பார்கள். சில நாட்களில் அவர்களுக்கு முன்பே ஒரு மான் வந்து, முதல் நாள் வெளியே வைத்த கழிவுத் தாளை மென்றுகொண்டிருக்கும். அதற்கு என் கணினி தேவையில்லை. மற்றவர்களுக்குத் தேவை.

கடவுச்சொல்லைப் போட்ட பிறகு பாமினி விசைப்பலகை (தமிழில் தட்ட உதவும் மென்பொருள்), வேர்ட், ஸ்கேனர், உலாவியில் வட்ஸ்அப் என்று ஒவ்வொன்றாகத் திறப்பேன். பத்து நிமிடம் போய்விடும். ஒரு நாள் கிண்ணியாவிலிருந்து வந்த காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) ஒருவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, கடையைத் திறந்துவிட்டீர்கள். கணினியை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் சுட்டது.

அன்று மாலையே வழி தேடினேன். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் சிறிய பெட்டி ஒன்று வரும். அதில் ஆங்கிலத்தில் ஷெல் என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் ஸ்டார்ட்அப் என்று எழுதி என்டர் கொடுத்தால் ஒரு கோப்புறை திறக்கும். அதற்குள் எந்த மென்பொருளின் குறுக்குவழியை (ஷார்ட்கட்) போட்டாலும், உள்நுழைந்தவுடன் அது திறக்கும். மென்பொருளையே தூக்கி அங்கே வைக்கக் கூடாது, குறுக்குவழி மட்டும் போதும். இவ்வளவுதானா என்ற மகிழ்ச்சியில் ஒன்பதைப் போட்டேன். கல்குலேட்டரைக்கூட விடவில்லை.

மறுநாள் காலை, மூதூர் பஸ்ஸில் ஒரே கதவால் எல்லோரும் ஏற முயன்றதைப்போல் ஆகிவிட்டது. என் கணினியில் 4 ஜிபி நினைவகம்தான், வன்தட்டும் சுழலுகிற பழைய வகை. ஒன்பதும் ஒன்றாக வாசலுக்கு வந்ததில் எதுவும் உள்ளே போகவில்லை. கடைசியில் வேர்ட் முதலில் திறந்தது, பாமினி இன்னும் எழும்பவில்லை. நான் திரையைப் பாராமல் தட்டுகிறவன். "அம்மா" என்று தட்டியது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலத்தில் வரிசையாக நின்றது. அப்படியே அரைப் பக்கம்.

திறந்திருப்பது வேறு, தயாராக இருப்பது வேறு என்பதை அன்றுதான் கண்டேன். இப்போது அந்தக் கோப்புறையில் பாமினி மட்டும் இருக்கிறது. வேர்ட்டையும் உலாவியையும் டாஸ்க் ஷெடியூலரில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் விண்டோஸ் கருவி) போட்டேன். அதில் உள்நுழைவின்போது தொடங்கு என்று சொல்வதோடு, எவ்வளவு தாமதித்துத் தொடங்க வேண்டும் என்றும் சொல்லலாம். வேர்ட்டுக்கு 30 விநாடி, உலாவிக்கு 1 நிமிடம். வட்ஸ்அப்புக்குத் தனிக் குறுக்குவழி வேண்டாம். உலாவி திறக்கும்போது எந்தப் பக்கங்கள் வர வேண்டும் என்று அதன் அமைப்பிலேயே குறித்துவிட்டால் போதும்.

விடுதி வரவேற்பாளர், நிலாவெளி:

அண்ணா, ஷெடியூலரை நம்பி நான் இரண்டு முறை விழுந்தேன். முதல் முறை 2022இல். மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். மடிகணினியை மின்கலத்தில் இயக்கினால், பதிவுப் புத்தக மென்பொருள் திறக்கவே இல்லை. மின்சாரம் இருக்கும்போது ஒழுங்காகத் திறந்தது. பேய் பிடித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். ஷெடியூலரில் நிபந்தனைகள் என்றொரு பக்கம் இருக்கிறது. கணினி மின்இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற கட்டத்தில், நாம் கேட்காமலே சரி அடையாளம் இடப்பட்டிருக்கும். மின்வெட்டு ஊரில் அந்த அடையாளத்தை முதலில் எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது முறை இன்னும் வேடிக்கை. வரவேற்பு மேசைக் கணினியை நாங்கள் அணைப்பதே இல்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை பதிவு மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. இரவுப் பணியில் இருக்கும் தம்பிதான் மூடிவிடுகிறான் என்று அவனிடம் கோபப்பட்டேன், பாவம். ஒரு பணி 3 நாட்களுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்பதும் முன்கூட்டியே இடப்பட்ட அமைப்புத்தான். அதையும் எடுத்த பிறகு தம்பிக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், உவர்மலை:

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்தில் ஆட்டோஎக்செக் என்ற கோப்பின் கடைசி வரியில் கணக்கு மென்பொருளின் பெயரை எழுதிவைப்போம். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து வந்தால் கணக்குப் பக்கம் காத்திருக்கும். ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் ஓடும், ஆகவே தள்ளுமுள்ளும் கிடையாது. அந்த நிம்மதி அத்தோடு போயிற்று.

தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் போட்ட ஒன்பதை மட்டும் எண்ணாதீர்கள். நீங்கள் போடாததும் அங்கே இருக்கும். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மானேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். விண்டோஸ் 8 முதல் அது அங்கே இருக்கிறது. என் மகளின் கணினியில் பார்த்தேன்: எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் உதவியாளர் ஒருவர் நாள்தோறும் காலையில் எழுந்து, இல்லாத பிரிண்டரைத் தேடிக்கொண்டிருந்தார். வலது சொடுக்கி முடக்கினேன். அழிக்க வேண்டியதில்லை, பின்னால் தேவைப்பட்டால் திரும்ப இயக்கலாம். எந்த மென்பொருள் தொடக்கத்தை எவ்வளவு இழுத்தடிக்கிறது என்றும் பக்கத்திலேயே போட்டிருக்கும்.

ஆசிரியர், உப்புவெளி:

இவ்வளவு பாடு எதற்கு? கடவுச்சொல்லையே எடுத்துவிட்டால், சுவிட்சைப் போட்டவுடன் எல்லாம் தானாக வந்து நிற்குமே. வீட்டில் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தட்டச்சுக் கடைக்காரர்:

வீட்டில் வைத்திருங்கள் சேர். என் கணினியில் ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டை ஸ்கேன் கிடக்கிறது. நான் சாப்பிடப் போன நேரத்தில் யாராவது சுவிட்சைப் போட்டால், என் கதவு மட்டுமா திறக்கும்? கடவுச்சொல்லைத் தட்ட நான்கு விநாடி ஆகிறது. அதை நான் காக்காவிடம் கடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஐயா சொன்னபடி டாஸ்க் மானேஜரைப் பார்த்தேன். பதினொன்று இருந்தன. அவற்றில் நான் போட்டது ஒன்றே ஒன்று! காணொளி அழைப்பு மென்பொருள் ஒன்று, விளையாட்டு ஒன்று (அண்ணன் மகனின் வேலை), பெயரைப் பார்த்தும் இன்னதென்று புரியாதவை இரண்டு. பாமினியையும் புரியாத இரண்டையும் வைரஸ் தடுப்பையும் தொடவில்லை, மற்றவற்றை முடக்கினேன். நிலாவெளித் தம்பி சொன்ன இரண்டு அடையாளங்களையும் எடுத்துவிட்டேன்.

இன்று காலை கடவுச்சொல்லைப் போட்டுவிட்டு வாசலைக் கூட்டினேன். கூட்டி முடித்துத் திரும்பியபோது வேர்ட்டும் வட்ஸ்அப்பும் திறந்திருந்தன, பாமினியும் எழும்பியிருந்தது. அதே காக்கா வந்தார், இந்த முறை பேரப்பிள்ளையின் பாடசாலை விண்ணப்பத்தோடு. மூன்று நிமிடத்தில் தட்டி முடித்தேன். பிறகு இருவருமாக பிரிண்டர் சூடாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். அதை முன்கூட்டியே எழுப்பிவைக்க வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.