இட்லிப்பூச் செடிக்கு உரம் வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள்

குழு: நம் குடும்பம், பெங்களூர்

மே, சனிக்கிழமை காலை

வித்யா: 📷 படம்

வித்யா: அத்தை, இந்தச் செடியைக் கொஞ்சம் பாருங்கள். ஒயிட்ஃபீல்டு வீட்டுக்குக் குடி வந்தபோது வாங்கிய இட்லிப்பூ. இப்போது துளிர் எல்லாம் மஞ்சளாகவே வருகிறது. பூங்கொத்தும் எப்போதாவது ஒன்றுதான். செடி வாங்கிய இடத்தில் கேட்டதற்கு டிஏபி உரம் போடச் சொன்னார்கள். போட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

அல்சூர் அத்தை: அடடா, இப்படி வெளுத்துப் போயிருக்கிறதே! மாமா குளிக்கப் போயிருக்கிறார், வந்ததும் காட்டுகிறேன்.

கார்த்தி: புளித்த மோர் ஊற்றிப் பார் வித்யா. என் நண்பன் வீட்டில் ரோஜாவுக்கு ஊற்றுகிறார்கள்.

நித்யா: எப்சம் உப்பு போட்டால் இலை பச்சையாகும் என்று யூடியூபில் பார்த்தேன் அக்கா.

மாமா: யாரும் எதையும் ஊற்ற வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். வித்யா, கிளை நுனியில் இருக்கிற இளம் இலையைக் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடு. அப்படியே கீழே இருக்கிற முற்றிய இலையையும் ஒன்று.

வித்யா: 📷 2 படங்கள்

மாமா: நினைத்தது சரிதான். இளம் இலையைப் பெரிதாக்கிப் பார். நரம்பு எல்லாம் பச்சையாக இருக்கிறது, நரம்புக்கு நடுவில் மட்டும் மஞ்சள். கீழ் இலை கரும்பச்சையாக அப்படியே இருக்கிறது. இது இரும்புச் சத்துப் பற்றாக்குறை.

மாமா: தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் கீழ் இலை முதலில் மொத்தமாக வெளிறும். மெக்னீசியம் குறைந்தாலும் முற்றிய இலையில்தான் ஆரம்பிக்கும், அதனால் மெக்னீசியம் தருகிற எப்சம் உப்பால் இதற்குப் பயன் இல்லை நித்யா. இரும்பு பழைய இலையில் போய் உட்கார்ந்துவிட்டால் அங்கிருந்து துளிருக்கு நகராது. அதனால்தான் துளிர் முதலில் காட்டிக்கொடுக்கிறது.

கார்த்தி: ஆனால் மாமா, பெங்களூர் மண் செம்மண் ஆயிற்றே. அந்தச் சிவப்பே இரும்பால் வருவதுதானே? அப்புறம் எப்படிப் பற்றாக்குறை?

மாமா: சரியான இடத்தைப் பிடித்தாய். மண்ணில் இரும்பு கொட்டிக் கிடக்கிறது, ஆனால் வேர் உறிஞ்சும் வடிவத்தில் இல்லை. மண்ணின் அமில, கார அளவைக் காட்டுகிற பிஎச் 7க்கு மேல் போய்க் காரமானால் இரும்பு கரையாமல் மண்ணோடு மண்ணாக நின்றுவிடும். இட்லிப்பூவுக்கு 5.5, 6 என்று கொஞ்சம் அமிலத்தன்மை இருக்கிற மண் வேண்டும். நம் செம்மண் பொதுவாக அதற்குப் பொருந்துகிற மண்தான். கெடுப்பது தண்ணீர். வித்யா, உங்கள் வீட்டில் காவிரியா, போர்வெல்லா?

வித்யா: போர்வெல் மாமா. கோடையில் டேங்கர். கெட்டிலிலும் குழாயிலும் வெள்ளை வெள்ளையாக உப்பு படிகிறது.

மாமா: தொட்டி விளிம்பைப் போய்ப் பார்.

வித்யா: ஆமாம், விளிம்பைச் சுற்றி வெள்ளைப் படிவம் இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. மண்ணின் மேலும் இருக்கிறது.

மாமா: அதுதான். அந்தத் தண்ணீரில் பைகார்பனேட் என்கிற கார உப்பு அதிகம். ஊற்ற ஊற்ற மண் கொஞ்சம் கொஞ்சமாகக் காரமாகிக்கொண்டே போகும். தரையில் இருக்கிற செடியை மழை வந்து கழுவிவிடும். உன் தொட்டி பால்கனியில் கூரைக்கு அடியில் இருக்கிறது, கழுவ ஆள் இல்லை. இதில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த டிஏபி வேறு. மணிச்சத்து அளவுக்கு மீறினால் கிடைக்கிற கொஞ்ச இரும்பும் கிடைக்காமல் போகும். உரத்தை இன்றோடு நிறுத்து.

அல்சூர் அத்தை: நம் வாசல் செடி தரையில் நிற்கிறது, காவிரித் தண்ணீர் வேறு. அதனால்தான் நான் ஒன்றுமே போடாமல் அது பாட்டுக்குப் பூக்கிறது போலிருக்கிறது.

வித்யா: அப்படியானால் ஆர்ஓ இயந்திரத்தில் பக்கெட் பக்கெட்டாகக் கழிவுத் தண்ணீர் வருகிறதே, அதை ஊற்றட்டுமா?

மாமா: கூடவே கூடாது. வடிகட்டிய உப்பு எல்லாம் சேர்ந்து வெளியே வருவது அந்தத் தண்ணீரில்தான். போர்வெல்லை விட மோசம். பெங்களூரில் பல வீடுகளில் அதைத்தான் செடிக்கு ஊற்றுகிறார்கள், பார்க்கவே மனசு கேட்கவில்லை. வீடு துடை, கக்கூஸ் கழுவு. செடிப் பக்கம் கொண்டுபோகாதே.

கார்த்தி: ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்?

மாமா: அது நல்லது. காற்றின் ஈரம் குளிர்ந்து வருகிற தண்ணீர், உப்பே இருக்காது. எல்லாவற்றையும் விட நல்லது மழைத்தண்ணீர். மே மழை தொடங்கிவிட்டது, ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை இன்னும் நன்றாகப் பெய்யும். இந்த ஊரில் குறிப்பிட்ட பரப்புக்கு மேல் இருக்கிற மனைகளுக்கு மழைநீர் சேமிப்பை 2009லேயே கட்டாயமாக்கினார்கள். உங்கள் அடுக்ககத்திலும் மாடியிலிருந்து குழாய் இறங்கும், காவலரிடம் கேள். முதல் மழையில் மாடித் தூசி எல்லாம் வரும், அதை விட்டுவிட்டு அடுத்த மழையில் இரண்டு கேன் பிடித்து மூடி வை.

வித்யா: சரி மாமா. அதுவரை இந்த மஞ்சளுக்கு என்ன செய்வது?

மாமா: உடனடிக்கு அன்னபேதி தெளிக்கலாம். உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் என்று கேள். வெளிர் பச்சை நிறத்தில் படிகமாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் வாங்காதே, அது காற்றுப்பட்டு மாறிப்போனது, வேலை செய்யாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம், கூடவே 1 கிராம் சிட்ரிக் அமிலம். கலக்கியதும் தெளித்துவிடு, மறுநாளுக்கு வைக்காதே. வெயில் இறங்கிய பிறகு இலையின் மேலும் கீழும் படும்படி. பூவில் படாமல் பார்த்துக்கொள், தரையில் ஒரு துணி விரி. டைல்ஸில் பட்டால் துருக்கறை போகவே போகாது. பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

மாமா: இது முதலுதவிதான். மண்ணைச் சரி செய்யாவிட்டால் அடுத்த துளிர் மறுபடி மஞ்சளாகத்தான் வரும். இரண்டாவது முறை தெளித்து முடித்ததும் தொட்டியை மாற்று. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு, நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. கட்டட வேலை நடந்த இடத்து மண்ணை மட்டும் எடுக்காதே, சிமென்ட்டுத் தூள் கலந்திருந்தால் அதுவும் காரம்தான். தொட்டியையும் சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி வை.

கார்த்தி: அப்போது என் மோர்?

மாமா: மோரில் அமிலம் இருக்கிறதுதான், ஆனால் தொட்டியில் ஊற்றினால் நாற்றமும் எறும்பும்தான் மிச்சம். ஆஷா அதில் தம்புளி செய்வாள், அவளிடம் கொடு.

ஆஷா அண்ணி: மாமா, சரியான நேரத்தில் நினைவுபடுத்தினீர்கள். எங்கள் மங்களூர்ப் பக்கம் இந்தப் பூவைக் கேபளா என்போம். வயிறு சரியில்லை என்றால் அம்மா செய்வது கேபளப்பூத் தம்புளிதான். ஒரு கைப்பிடி பூவை ஆய்ந்து, சீரகமும் நாலு மிளகும் சேர்த்துக் கொஞ்சம் நெய்யில் வதக்கி, ஆறியதும் தேங்காயோடு விழுதாக அரைத்து, கெட்டி மோரில் கலந்து உப்புப் போட வேண்டியதுதான். அடுப்பில் ஏற்றத் தேவையில்லை. சூடான சோற்றில் பிசைந்தால் அவ்வளவு நன்றாக இருக்கும்.

நித்யா: பூவில் சமையலா! பாப்பாவுக்கு உடம்பெல்லாம் வறட்சியாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கேரள ஆன்ட்டி தெச்சிப்பூ எண்ணெய் தேய்க்கச் சொன்னார்கள். அதுவும் இதே பூதானா? வித்யா அக்கா செடிப் பூவை எடுத்துக்கொள்ளலாமா?

சுமதி சித்தி: நித்யா, நான் இப்போதுதான் கிளினிக்கிலிருந்து வந்தேன், இதற்கு நான் பதில் சொல்கிறேன். தெச்சி, வெட்சி, கேபளா எல்லாம் ஒரே செடிதான், நம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்வது. ஆனால் நர்சரியில் இட்லிப்பூ என்று விற்பது எல்லாம் அது ஆகிவிடாது. சீன இனமும் கலப்பினங்களும் நிறைய இருக்கின்றன. பூவின் நாலு இதழும் நுனி கூராக இருந்து, இலைக்குக் காம்பே இல்லாத மாதிரி தண்டோடு ஒட்டி இருந்தால் நாட்டு வெட்சி. இதழ் நுனி மழுங்கியிருந்தால் சீன இனமாக இருக்கலாம். வித்யா, உன்னுடையது எப்படி?

வித்யா: மழுங்கித்தான் இருக்கிறது சித்தி.

அல்சூர் அத்தை: எங்கள் வாசலில் இருப்பது கூர் இதழ். மாமனார் வைத்தது.

சுமதி சித்தி: அப்படியானால் மருந்துக்கோ சமையலுக்கோ அத்தை வீட்டுப் பூதான். இன்னொன்று. நர்சரியிலிருந்து புதிதாக வந்த செடியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், சில மருந்து செடிக்குள்ளேயே ஊறி நிற்கும். அந்தப் பூவை வாயிலும் வைக்கக் கூடாது, குழந்தை உடம்பிலும் தடவக் கூடாது.

சுமதி சித்தி: எண்ணெய் செய்வது எளிது. பூவைக் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, தேங்காய் எண்ணெயில் போட்டுச் சிறு தீயில் காய்ச்சு. தண்ணீர்ப் பசை இருக்கிற வரை சடசடவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கி, பூ மொறுமொறுப்பானதும் இறக்கி வடிகட்டு. ஈரம் மிஞ்சினால் எண்ணெய் கெட்டுப்போகும். முதல் நாள் பாப்பாவின் முன்கையில் ஒரு சொட்டுத் தடவிவிட்டு மறுநாள் வரை பார். சிவக்கவில்லை என்றால் குளிப்பதற்கு முன் தேய்க்கலாம். வெடிப்பு, நீர்வடிதல், சொறிந்த புண் இருந்தால் எண்ணெய் வேண்டாம், குழந்தை டாக்டரிடம் காட்டு.

நித்யா: சரி சித்தி. வேரும் மருந்துக்கு ஆகும் என்று ஆன்ட்டி சொன்னார்களே?

சுமதி சித்தி: சீதபேதிக்கு வெட்சி வேரைக் கொடுப்பது பழைய வழக்கம்தான். ஆனால் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது, வீட்டில் கஷாயம் போட்டுக் குடிப்பதற்கு இல்லை. அதுவும் குழந்தைக்குப் பேதி என்றால் முதலில் ஓஆர்எஸ் கரைத்துக் கொடு. ரத்தம் கலந்து போனாலோ, குழந்தை சோர்ந்து படுத்தாலோ, யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. இதை நான் எத்தனை தாய்மாரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஆஷா அண்ணி: சித்தி சொல்வது சரி. அம்மாவும் தம்புளியைப் பெரியவர்களுக்குத்தான் கொடுப்பார்.

அல்சூர் அத்தை: அந்தக் காலத்தில் ஆநிரை கவரப் போகிற வீரர்கள் இந்த வெட்சியைத்தான் தலையில் சூடிப் போவார்களாம். எனக்கு முருகனுக்குப் போட்டால் போதும் 🙏

வித்யா: மாமா, பூ ஏன் குறைவாக வருகிறது என்று சொல்லவில்லையே? வாரா வாரம் தோட்டக்காரர் அழகாக உருண்டையாகக் கத்தரித்துவிடுகிறார்.

மாமா: விடை உன் கேள்வியிலேயே இருக்கிறது வித்யா. இட்லிப்பூ கிளையின் நுனியில்தான் மொட்டு விடும். வாரா வாரம் நுனியை வெட்டினால் மொட்டும் சேர்ந்து போய்விடும். ஒரு கொத்து பூத்து உதிர்ந்த பிறகு அதற்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டு, அங்கிருந்து இரண்டு கிளை பிரியும், அடுத்த முறை இரண்டு கொத்து. வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது?

வித்யா: காலையில் பதினொரு மணி வரை.

மாமா: போதும். மார்கழி, தையில் இந்த ஊர்க் குளிருக்குக் கொஞ்சம் சுணங்கும், அப்போது பயந்துகொண்டு உரம் போடாதே.

ஜூன், ஞாயிற்றுக்கிழமை மாலை

வித்யா: 📷 3 படங்கள்

வித்யா: மாமா, முதல் படத்தைப் பாருங்கள்! அன்னபேதி தெளித்த மஞ்சள் இலையில் துளி பட்ட இடம் மட்டும் பச்சைப் பச்சைப் புள்ளியாக மாறியிருக்கிறது. படாத இடம் மஞ்சளாகவே இருக்கிறது.

மாமா: அருமை! இதைவிடச் சாட்சி வேண்டாம், குறை இரும்புதான். அந்தப் பழைய இலை முழுசாகப் பச்சையாகாவிட்டாலும் கிள்ளிப் போடாதே, அதுவும் செடிக்கு உழைக்கிறது.

வித்யா: மூன்றாவது படம் தொட்டி மாற்றிய பிறகு வந்த துளிர். செம்பு நிறத்தில் வந்து, இப்போது பளபளவென்று பச்சையாகிவிட்டது. மழைத்தண்ணீர் மூன்று கேன் பிடித்து வைத்திருக்கிறேன். தோட்டக்காரரிடமும் சொல்லிவிட்டேன், கீழே வேலியோரம் இருக்கிற இட்லிப்பூவையும் அவர் இப்போது வெட்டுவதில்லை. ஆனால் இளங்கிளையில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறது, எறும்பும் ஏறுகிறது.

மாமா: மாவுப்பூச்சி. எறும்பு அதன் இனிப்புக் கழிவுக்காக வருகிறது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவு. பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளி, வாரம் ஒரு முறை. வேறு விஷ மருந்து வேண்டாம், பட்டாம்பூச்சி வருகிற செடி அது.

நித்யா: பாப்பாவுக்கு எண்ணெய் ஒத்துக்கொண்டது சித்தி. முழங்கால் வறட்சி குறைந்திருக்கிறது. அத்தை, எனக்கும் ஒரு செடி வேண்டும், உங்கள் வாசல் செடியிலிருந்தே. குச்சி வைத்தால் வருமா?

மாமா: வரும், இந்த மழைக்காலத்தில் வைத்தால் நன்றாகப் பிடிக்கும். பூவில்லாத, பாதி முற்றிய கிளையில் ஒரு சாண் நீளம். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, செம்மண்ணும் தென்னைநாரும் கலந்த சிறிய தொட்டியில் நட்டு, மேலே பாலித்தீன் உறை கவிழ்த்து நிழலில் வை. வேர்விட மாதம் ஒன்றுக்கு மேலேயே ஆகும். இடையில் பிடுங்கிப் பார்க்காதே.

அல்சூர் அத்தை: ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் வந்து வாங்கிக்கொள் கண்ணு. அன்றைக்குக் கொத்து எல்லாம் கோவிலுக்குப் போய்விடும்.

நித்யா: அடுத்த ஞாயிறு காலை வருகிறேன் அத்தை.

மாமா: வா. நாலைந்து குச்சியாக வெட்டித் தருகிறேன், எல்லாமே பிடிக்கும் என்று சொல்ல முடியாது. தொட்டியும் மண்ணும் நீ கொண்டுவர வேண்டாம், இங்கேயே இருக்கிறது.