ஊர் ஏரிக்கு மீன் குஞ்சு விட சொந்தமா பொரிப்பகம் கட்டலாமா?

பெகு பக்கம்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க பர்மாவுல பெகு பக்கம் ஒரு கிராமம், நம்ம ஆளுங்க, பர்மாக்காரங்க, கரேன் வீடுங்க எல்லாம் கலந்துதான் இருக்கோம். ஊர ஒட்டி பழைய பாசன ஏரி ஒண்ணு, தண்ணி நிக்கிறப்ப சுமாரா 200 ஏக்கர் வரும். முன்ன ஙாமியிட்சின், அதான் ரோகு, நல்லா கெடைக்குமாம், இப்ப வலைய போட்டா திலாப்பியாவும் பொடி மீனும்தான் வருது. கோயில் கமிட்டியும் பௌத்த மடத்து ஆளுங்களும் சேந்து வீட்டுக்கு இவ்வளவுன்னு பணம் போட்டு ஒரு பொரிப்பகம் கட்டி வருஷா வருஷம் குஞ்சு விடலாம்னு பேசிட்டு இருக்காங்க. சில பேரு, புத்தர் பொறந்த நாளான கசோன் பௌர்ணமிக்கு எப்படியும் புண்ணியத்துக்கு மீன் வாங்கி விடுறோமே அது போதாதாங்குறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, கட்டலாமா? எதுக்கு காசு அதிகமா போகும்?

துவாந்தே குளத்துக்காரன்:
தம்பி, கட்டாதீங்க. இருங்க, கோவப்படாம படிங்க.

ரோகு, கட்லால்லாம் ஆத்து மீன். மழ வெள்ளம் ஓடுற ஆத்துலதான் முட்டை விடும், நிக்கிற தண்ணில சினை புடிச்சு வயிறு ஊதி நிக்கும், அவ்வளவுதான். அதனாலதான் உங்க ஏரில அது தானா பெருகல, திலாப்பியா மட்டும் பெருகிட்டே இருக்கு. 1957ல ஒடிசாவுல மீன் விஞ்ஞானிங்க ஹிராலால் சௌத்ரியும் அலிக்குன்ஹியும் பிட்யூட்டரி ஊசி, அதான் மீனோட மூளைச் சுரப்பிச் சாறு, போட்டு முட்டை விட வச்சாங்க பாருங்க, அதுக்கப்புறம்தான் குளத்துல வளக்குறவனுக்கு விடிவு வந்துச்சு. இப்ப ஓவாப்ரிம்னு மருந்து வருது, பெண் மீனுக்கு எடையில கிலோவுக்கு அரை மில்லிக்கு மேல போகாது, சாயந்தரம் ஊசி போட்டா காலைக்குள்ள முட்டை, அதுலேந்து 14லேந்து 18 மணி நேரத்துல பொரிச்சிடும். இது பெரிய வித்தை இல்ல.

இப்ப கணக்கு பாப்போம். 200 ஏக்கருக்கு ஏக்கருக்கு 200 குஞ்சுன்னு வச்சா 40,000 வேணும். விரல் நீளக் குஞ்சா விடணும், நாலு இஞ்சுக்குக் கொறையக் கூடாது. ஒரு இஞ்சு வாக்குல இருக்குற இளங்குஞ்சுலேந்து அந்த அளவுக்கு வர்றதுல நூத்துக்கு அறுபது தேறும், பொரிச்ச மூணாம் நாள் குஞ்சு, அதான் நுண்குஞ்சு, அதுலேந்து இளங்குஞ்சா ஆகுறதுல முப்பதோ நாப்பதோ தேறினாலே நல்ல கை. அப்ப ஆரம்பத்துல ரெண்டு லட்சம் நுண்குஞ்சு இருந்தா போதும். ரெண்டு கிலோ தாய்மீன் ஒண்ணு மட்டுமே நாலு லட்சம் முட்டை விடும். ஒரே ஒரு மீனு, ஒரே ராத்திரி! அதுக்குப் போய் வட்டத்தொட்டி, மேல்தொட்டி, ஜெனரேட்டர், வருஷம் முழுக்க தாய்மீனுக்குத் தீனின்னு செலவு பண்ணுவீங்களா? கரண்ட் போற ஊர்ல வேற. நுண்குஞ்ச எங்க துவாந்தே, மௌபின் பக்கம் விலைக்கு வாங்கிக்கலாம்.

உங்க காசும் ஆளும் போக வேண்டியது நாத்தங்கால் குளத்துக்கு, அதான் நுண்குஞ்ச வளத்தெடுக்குற சின்னக் குளம். ஏரிக்கரை ஓரமா அர ஏக்கர் குளம் வெட்டுங்க, கோடைல காய விட்டு சுண்ணாம்பு போடுங்க, தண்ணி விட்டு மாட்டுச்சாணி போட்டா நுண்ணுயிர் பச்சையா ஊறும், அதுதான் குஞ்சுக்கு மொத சோறு. குஞ்சு விடுறதுக்கு மொத நாள் சோப்பும் எண்ணெயும் கலக்கி மேல தெளிச்சு தண்ணிப் பூச்சியக் கொல்லணும், இல்லன்னா ரெண்டே நாள்ல பாதி போயிடும். அப்புறம் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சமமா. இதுல ஆள் காவல் முக்கியம், கொக்கும் தண்ணிப்பாம்பும் சும்மா விடாது.

மோல்மேன்:
அண்ணே சொன்னது சரிதான் ஆனா ஒண்ணு, ஜூன் மழைல துவாந்தேலேந்து பெகு தாண்டி கிராமத்து ரோட்டுல ஆக்சிஜன் பையோட வர்றது சாதாரண வேலையா? வெயில் ஏறுறதுக்குள்ள வந்து சேரணும். வந்ததும் பைய பிரிச்சுக் கொட்டாம கால் மணி நேரம் தண்ணில மிதக்க விட்டு சூடு சமமானப்புறம் தெறக்கணும், நம்மாளுங்க அவசரத்துல அப்படியே கவுத்துடுவாங்க.

கசோன் விஷயம். புண்ணியத்துக்கு விடுறத தப்பு சொல்லல, வத்துற குட்டைல மாட்டுன மீன எடுத்து ஆழத் தண்ணில விடுறது அருமையான பழக்கம். ஆனா சந்தைல மலிவா கெடைக்குதுன்னு ஆப்பிரிக்கக் கெளுத்திய வாங்கி ஏரில விடுறாங்களே, அது மத்த மீனையெல்லாம் தின்னு தீத்துடும். ஒரு கையால ரோகுக் குஞ்சு, இன்னொரு கையால அதத் திங்கிறது, என்ன கூத்துங்க இது. மடத்து சயாடோ, அதான் பெரிய பிக்கு, ஒரு வார்த்தை சொன்னா ஊரே கேக்கும், எங்க கமிட்டிலாம் சொன்னா கேக்க மாட்டாங்க.

வீசைக்கணக்கு:
மீனு வளந்தப்புறம் யாருது? அத யாரும் கேக்கலையே. அந்த ஏரி 'இன்' ஏலத்துல, அதான் மீன்பிடி குத்தகை ஏலத்துல, இருக்கான்னு மொதல்ல மியோனே (வட்டார) மீன்துறை ஆபீஸ்ல கேளுங்க. ஏலம் எடுத்தவன் ஒருத்தன் இருந்தா நீங்க விடுற ஒவ்வொரு குஞ்சும் அவனுக்குத்தான் போகும். பாசன ஏரின்னா நீர்ப்பாசனத் துறையையும் கேக்கணும், மதகுல எப்ப தண்ணி விடுவாங்கன்னு தெரியணும். மதகு வாயில கம்பி வலை அடிக்கலன்னா மொத பெரிய தண்ணிக்கே குஞ்செல்லாம் வயலுக்கு ஓடிடும், கீழ்க்கால்வாய்க்காரன் கொழம்பு வைப்பான்.

பணம் போட்ட வீடு, போடாத வீடுன்னு பிரிச்சா சண்டைதான். ஏரில தூண்டில் எல்லாருக்கும் பொது, பெரிய வலை மட்டும் கமிட்டி நாள் குறிச்சுப் போடட்டும், வர்றதுல வீட்டுக்கு ஒரு வீசை (ஒண்ணரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல), மிச்சத்த வித்து அடுத்த வருஷக் குஞ்சுக்கு. எழுதி கையெழுத்து வாங்கிட்டுத்தான் குஞ்சே வாங்கணும், பர்மீஸ்லயும் எழுதுங்க.

பெகு பக்கம்:
ரொம்ப நன்றி அண்ணே எல்லாருக்கும். ஏலம் இல்லன்னுதான் பெரியவங்க சொல்றாங்க, ஆபீஸ்ல கேட்டுடுறேன். ஏரில ஙாயன், நம்ம விரால், நெறைய கெடக்கு. நாலு இஞ்சுக் குஞ்சையும் அது தின்னுடாதா?

துவாந்தே குளத்துக்காரன்:
பெரிய விரால் திங்கும், தின்னுட்டுப் போகட்டும், கொஞ்சம் அதுக்குன்னு சேத்துத்தான் கணக்கு. ஆறு இஞ்சு வரைக்கும் வச்சிருந்து விட முடிஞ்சா சேதம் கொறையும், ஆனா தீனிச் செலவு ஏறும். விடுறப்ப கரையோரப் புல்லுக்குள்ள விடாதீங்க, அங்கதான் அது பதுங்கி நிக்கும். படகுல போய் நடு ஏரில நாலஞ்சு எடத்துல பிரிச்சு விடுங்க. விராலையும் சுத்தமா ஒழிக்க நெனைக்காதீங்க, சந்தைல ரோகுவ விட அதுக்குத்தான் வெல.