மீன் தூண்டிலுக்கு ஃபிளை (இறகால் செய்யும் பொய்ப்பூச்சி) கட்டினால் இறகு அவிழ்கிறதே, என்ன பிழை?

நுவரெலியா தம்பி: வெள்ளைக்காரன் காலத்தில் ஓடைகளில் விட்ட ட்ரவுட் மீனுக்காக நாங்கள் ஐந்து பேர் ஃபிளை கட்டி, ஆளுக்கு ஐந்தாக மாற்றிக்கொள்ளப் போகிறோம். 14ஆம் இலக்கத் தூண்டில் முள்ளில் சேவல் கழுத்து இறகைச் சுற்றினேன், இரண்டு வீச்சிலேயே தொங்கிவிட்டது.

ஹட்டன்காரர்: தம்பி, வெறும் முள்ளில் கட்டினால் வழுக்கத்தான் செய்யும். முதலில் நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள், இறகின் அடிப்பஞ்சை உரித்துவிட்டுக் கட்டுங்கள், அப்புறம் முள்ளின் கண்ணுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள், முடிச்சு அங்கேதான் விழ வேண்டும். எல்லாரும் அதை அடைத்துவிட்டு முழிக்கிறார்கள்.

பண்டாரவளை: முடிச்சில் ஒரு சொட்டு நகப்பூச்சு. மனைவியிடம் கேட்டு எடுங்கள், நான் கேட்காமல் எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். இலக்கம் கூடக் கூட முள் சிறுக்கும், பழக 10 நல்லது.

நுவரெலியா தம்பி: சரி அண்ணன், 10இலேயே கட்டுகிறேன்.