ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு வீட்டில் செய்த தாங்கி: ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது, இலக்குத் தாளில் குண்டு எங்கே பட்டது என்று சுடும் இடத்திலிருந்தே பார்க்க உதவும் சிறு தொலைநோக்கி. அதை நிறுத்தக் கேமரா முக்காலியே போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. மேசையருகே உட்கார்ந்து சுடுகிறவருக்குப் போதும். நின்று சுடுகிறவர் அதன் நடுத்தண்டை முழுக்க மேலே இழுக்க வேண்டும். இழுத்த பிறகு, பக்கத்தில் யாராவது பெரிய ரைபிளைச் சுட்டால் இலக்குத் தாள் கண்ணுக்குள் துள்ளுகிறது. விரிந்த கால்கள் இடறுவது தனித் தொல்லை. அதனால்தான் சொந்தமாக ஒன்றைச் செய்தேன்.

அடித்தளம், காரிலிருந்து கழற்றிப் போட்ட பிரேக் டிஸ்க். கனமும் அகலமும் தரையோடு தரையாக இருப்பதால் சாயாது. அதன்மேல் குழாய் ஃபிளாஞ்சை (நடுவில் மரையுள்ள வட்டத் தட்டு) போல்ட்டுகளால் இறுக்கி, அதில் ஜி.ஐ. குழாயை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) திருகினேன். குழாய் மரை கூம்பாக இருப்பதால் திருகத் திருகத் தானே இறுகிவிடும். டிஸ்க்கின் அடியில் மூன்று ரப்பர் பாதங்கள். மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் உட்காரும். நான்காவதைச் சேர்த்தால் ஏதாவது ஒன்று அந்தரத்தில் நிற்கும்.

இதெல்லாம் சுலபம். யோசிக்க வைத்தது குழாயிலிருந்து பக்கவாட்டில் நீண்டு ஸ்கோப்பைத் தாங்கும் கைதான். தாங்கி ஆடுகிறது என்றதும் எல்லோரும் அடியில் எடையைக் கூட்டுகிறார்கள். அடித்தளம் அசையாமல்தான் இருக்கிறது, அசைவது மூட்டு. குழாயைவிடச் சற்றுப் பெரிய துளையில் கையை நுழைத்து, ஒரு திருகால் அழுத்தி நிறுத்தினால், எவ்வளவு முறுக்கினாலும் நெளியும். 40 மடங்கு உருப்பெருக்கத்தில் அந்த நெளிவும் 40 மடங்காகத் தெரியும். நான் கெட்டியான மரக்கட்டையில் குழாயின் விட்டத்துக்குச் சரியாகத் துளையிட்டு, பிறகு ஒரு பக்கம் ரம்பத்தால் பிளவு போட்டு, அந்தப் பிளவை ஒரு போல்ட் இறுக்கிப் பிடிக்கும்படி செய்தேன். துளையை முதலில் போட வேண்டும், பிளவு அதற்குப் பிறகுதான். இப்போது கட்டை குழாயைச் சுற்றிலும் கவ்வுகிறது.

கட்டைக்குக் கீழே குழாயில் ஒரு காலர் வளையம் மாட்டியிருக்கிறேன். உயரத்தை மாற்றப் போல்ட்டைத் தளர்த்தும்போது ஸ்கோப் சரிந்து விழாது. இதை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம்.

*

மேலே எழுதியவர் நின்று சுடுகிறவருக்காகச் சொன்னார், நான் படுத்துச் சுடுகிறவன். எனக்குக் குட்டைக் குழாய் போதும் என்பதால் ஆட்டம் பெரிய பிரச்சினையே இல்லை. குழாயின் நீளம் இரட்டிப்பானால் அதே விசைக்கு நுனி 8 மடங்கு வளையும். எனக்கு அந்தக் கணக்கு சாதகம். என் தலைவலி வேறு. கண்வில்லை எங்கே வர வேண்டும்?

ரைபிளைத் தோளிலிருந்து எடுக்காமல், முழங்கையை நகர்த்தாமல், தலையைச் சற்றுத் திருப்பினால் பார்க்கும் இடத்தில் வர வேண்டும். வலக்கைக்காரரான எனக்கு அது இடப்பக்கம், முகத்துக்கு மிக அருகே. எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்தால் ஒவ்வொரு முறையும் உடல் நிலை கலைகிறது, அடுத்த குண்டு வேறெங்கோ போகிறது. ஆகவே முதலில் பாயில் படுத்து, நண்பர் ஒருவரைக் கண்வில்லையின் உயரத்தையும் தூரத்தையும் அளக்கச் சொல்லி, அதற்கேற்பக் கையின் நீளத்தை வெட்டினேன். 45 பாகை சாய்ந்த கண்வில்லை என்றால் ஸ்கோப்பை அதன் அச்சில் சுழற்றியும் சரிசெய்யலாம்.

நீண்ட கை எப்போதும் ஒரு பாதத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். இரண்டு பாதங்களுக்கு நடுவே நீட்டினால் கவிழும்.

உருப்பெருக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். .22 குண்டின் துளை 5.6 மில்லிமீட்டர்தான், ஆனால் 50 மீட்டரில் 25 மடங்கு வைத்தால் அதை 2 மீட்டரில் பார்ப்பதுபோல இருக்கும். அதற்கு மேல் போனால் ஆட்டமும் கானலும்தான் (சூட்டில் காற்று நெளிவது) கூடுகின்றன. கானலே தேவையென்றால், அதாவது காற்று வீசும் போக்கை அதில் படிக்க வேண்டுமென்றால், குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னால் வைக்கிறேன்.

*

மூன்றாவதாக நானும் சொல்கிறேன். முதலில் எழுதிய நண்பரே, திருகின்மேல் பழி போட வேண்டாம். குற்றம் வட்டத் துளையுடையது. வேதியியல் ஆய்வகத் தாங்கியின் கவ்வியைப் பாருங்கள், அதிலும் ஒரே திருகுதான். அது தண்டை ‘வி’ வடிவப் பள்ளத்துக்குள் தள்ளுவதால் இரண்டு கோடுகளில் தொட்டு நிலைத்துவிடுகிறது. நான் அத்தகைய கவ்வியையே எடுத்துக்கொண்டேன், அதனுடன் வரும் ஒல்லித் தண்டை மட்டும் விட்டுவிட்டேன். மரக்கட்டை வெயிலிலும் ஈரத்திலும் விரிந்து சுருங்கும் என்பதையும் கவனியுங்கள்.

சுடுதலை நிறுத்தச் சொல்லி, ஆட்கள் இலக்கருகே போயிருக்கும்போது தாங்கியைத் திருத்தக் கிளம்பாதீர்கள். துப்பாக்கிக்குப் பக்கத்தில் குனிகிற யாரையும் பாதுகாப்பு அலுவலர் சும்மா விடமாட்டார், விடவும் கூடாது.

*

முதலில் எழுதிய நானே மீண்டும். ‘வி’ பள்ளம் நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். மரக்கட்டைக்கு வார்னிஷ் பூசியிருக்கிறேன், பார்ப்போம்.

ஸ்கோப்பின் அடியில் போடும் போல்ட் பற்றித் தனியாகக் கேட்டிருந்தவருக்கு: பெரும்பாலான ஸ்கோப்புகளில் அது கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பார்வைக்கு எம்6 (6 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்) போலவே இருக்கும். எம்6 உள்ளே போகும், பிடிப்பதுபோலவும் தோன்றும், இறுக்கும்போது மரையைத் தின்றுவிடும். துளையும் ஆழமற்றது, ஸ்கோப் உட்காரும் பரப்புக்கு மேலே போல்ட் ஐந்து மில்லிமீட்டர் நீண்டால் போதும். மிஞ்சினால் வாஷர் போட்டுக் குறையுங்கள்.