பிரஷ் கட்டர் 10 நிமிடத்தில் நின்றுவிடுகிறது: ஆயில் அளவு தப்பா?

மாதவரம்தோப்பு:
புல், புதர் வெட்டும் மெஷின், 52 சிசி டூ ஸ்ட்ரோக், பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓடுவது. மெஷினோடு வந்த தாளில் பெட்ரோல்-ஆயில் கணக்கு 25:1, ஆயில் டப்பாவில் 50:1. நான் லிட்டருக்கு 50 மில்லி ஊற்றுகிறேன். ஒரே புகை, சைலன்சர் வாயில் கறுப்பாக ஒழுகுகிறது. 10 நிமிடம் வெட்டினால் திணறி நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது. கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகலாமா?

ஸ்பேனர்செட்:
ஸ்க்ரூவில் கை வைக்காதீங்க சார். தாளில் இருப்பதுதான் கணக்கு, டப்பாக்காரனுக்கு உங்க மெஷின் தெரியாது. 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 50:1 என்றால் 20. நீங்க ஊற்றுவது 20:1. கூடினால் புகையும் கரியும்தான். இந்த மெஷினுக்கு 20 மில்லி போட்டிருந்தால் பிஸ்டனே சிலிண்டரில் இறுகிப் போயிருக்கலாம். சிரிஞ்சில் அளங்க. கேனில் பாதி பெட்ரோல், பிறகு ஆயில், மீதி பெட்ரோல், நல்லா குலுக்கணும். டேங்கில் நேரா ஊற்றினால் ஆயில் அடியில் தங்கிவிடும்.

மெஷின் நின்றதும் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்க. 'உஸ்' என்று காற்றை இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. சத்தம் இல்லையா, சைலன்சர் வாயில் உள்ள கம்பி வலையைக் கழற்றி, கரியை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்க. சைலன்சரையே கழற்றினால் என்ஜினில் தெரியும் புகைத் துளை வழியே டார்ச் அடித்து பிஸ்டனையும் பார்த்துடுங்க. மேலும் கீழுமாகக் கீறல் இருந்தால் ஆயில் பற்றாமல் ஓடியிருக்கு.

மாதவரம்தோப்பு:
உஸ்ஸென்றது, ஊசியால் குத்தியதும் சரியாகிவிட்டது! காசிமேட்டில் வாங்கிய படகு 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கொஞ்சம் இருக்கு, ஊற்றலாமா?

ஈரக்காற்று:
வேண்டாங்க. டிசி-டபிள்யூ3 என்று போட்டிருந்தால் அது தண்ணீரில் குளிரும் என்ஜினுக்கு. நம்ம மெஷின் காற்றில் குளிர்வது, சூடு அதிகம். ஜாசோ எஃப்டி என்ற தரக் குறி போட்ட டூ ஸ்ட்ரோக் ஆயில் டப்பா வாங்குங்க. பைக்குக்கு ஊற்றும் 4டி (ஃபோர் ஸ்ட்ரோக்) ஆயிலும் கூடாது.

இன்னொன்று, இப்போ பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் பெட்ரோல். மெட்ராஸ் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். தண்ணீர் சேர்ந்துவிட்டால் எத்தனாலோடு பிரிந்து அடியில் நிற்கும், ஆயில் மேலே பெட்ரோலோடு போய்விடும். டேங்க் ஃபில்டர் கிடப்பதோ அடியில், ஆயில் இல்லாததைத்தான் என்ஜின் இழுக்கும்! அதனால் ஒரு லிட்டருக்கு மேல் கலந்து வைக்காதீங்க, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துடுங்க. ஐப்பசி மழைக்கு மெஷினை ஓரங்கட்டும்போது டேங்கை வடித்து, தானாக அணையும்வரை ஓட விடுங்க. கார்ப்பரேட்டரில் பெட்ரோல் நின்றால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு (டயாபிரம்) விறைத்துப்போய், அடுத்த தடவை கயிறு இழுத்தே கை போய்விடும்.