லித்தியம் சாப்பிடும் தம்பிக்கு உப்பில்லா விரதம்: செய்யலாமா?

கரூர் அக்கா கேட்கிறார்:

என் தம்பிக்கு 27 வயது. இருமுனைக் கோளாறு, அதாவது மனம் சில காலம் அளவுமீறிப் பொங்கி, சில காலம் சோர்ந்து விழும் நோய் என்று மருத்துவர் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. லித்தியம் 300 மில்லிகிராம் மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் இரண்டு. 14 மாதமாக நன்றாக இருக்கிறான். ஒரு ஜவுளிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்கும் போய் வருகிறான்.

மாத்திரை நோயை அமுக்கி வைத்திருக்கிறதே தவிர வேரோடு எடுக்கவில்லை என்பது அம்மாவின் கட்சி. ஆடி முடிந்ததும் அவனைக் குணசீலம் பெருமாள் சந்நிதியில் ஒரு மண்டலம், 48 நாள், வைத்திருக்க வேண்டுமாம். அந்த 48 நாளும் அவன் உப்பில்லாமல் சாப்பிடுவான் என்று உப்பிலியப்பனுக்கும் நேர்ந்துகொண்டுவிட்டார். இரண்டு பெருமாளை ஒரே சமயத்தில் ஏன் தொந்தரவு செய்கிறாய் என்று கேட்டால், இருவரும் ஒருவர்தானே என்கிறார். இதற்கு நடுவில் மாமா எங்கிருந்தோ ஒரு லேகியம் வாங்கி வந்திருக்கிறார். கோயிலில் இருக்கும்வரை மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமே என்று யோசனை வேறு.

மருத்துவரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. ஒருமுறை சித்த மருந்து என்று அம்மா வாயைத் திறந்ததும், "அப்படியானால் அங்கேயே போங்கள்" என்று சீட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் நடப்பது எதையும் அவரிடம் சொல்வதில்லை. தம்பியைக் கேட்டேன். "போகலாம் அக்கா. அங்கே யாரும் என்னைப் பார்த்ததும் மாத்திரை போட்டாயா என்று கேட்கமாட்டார்கள்" என்றான். தினமும் அப்படிக் கேட்பது நான்தான்.

மறவாதவன்:

2001 ஆகஸ்ட் 6, மனநோய் தீரும் என்று தர்காவை நம்பிப் போகிற ஏர்வாடி. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் விடியற்காலைத் தீயில் எரிந்து போனார்கள். சாமி பெயரைச் சொல்லி எங்கேயும் விடாதீர்கள் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஓய்வுபெற்ற செவிலியர்:

மேலே எழுதியவரின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தத் தீ பிடித்தது தர்காவில் இல்லை. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்துக் காசு பார்த்த ஒரு தனியார் காப்பகத்தில். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. எங்கே தங்க வைத்தாலும் முதலில் அதைப் பாருங்கள். குணசீலத்தில் உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். அதனால் உங்கள் தம்பிக்கு ஒரு கெடுதலும் வராது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது உப்புதான். மனநலப் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்தவள் சொல்கிறேன், லித்தியம் சாப்பிடுகிறவர் திடீரென்று உப்பை நிறுத்தக் கூடாது. சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் பங்காளிகள் மாதிரி. உப்பு குறைந்தால் அது சோடியத்தை இறுக்கிப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். மாத்திரை அதே மூன்றுதான், ரத்தத்தில் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். பெரும்பாலும் 0.6 முதல் 1.0 வரை வைத்திருப்பார்கள். 1.5 தாண்டினால் ஆபத்து. முதலில் வாந்தி, பேதி. பிறகு தேநீர் டம்ளரைப் பிடிக்க முடியாத அளவு கை உதறும், நாக்கு குழறும், நடை தள்ளாடும். குடித்திருக்கிறான் என்று நினைத்து வாசலிலேயே திட்டித் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். அளவு 2.4.

தண்ணீர் குடிக்காத விரதமும் இதே வேலையைச் செய்யும். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், நீர் பிரிய வேண்டும் என்று குடிக்கிற கஷாயங்கள், எல்லாவற்றிலும் கவனம் வேண்டும்.

லேகியத்தில் என்ன இருக்கிறது என்று மாமாவுக்குத் தெரியுமா? மூலிகை வேலை செய்யாது என்று நான் சொல்லமாட்டேன். வேலை செய்யும் என்பதுதான் என் பயமே. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்து உலகம் முழுக்க மனநோய்க்குக் கொடுத்தார்கள். மனச்சோர்வு வந்தவருக்கு அதே மருந்து ஆகாது. பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் லித்தியம் சீட்டோடு போனால் அவரே யோசித்துத்தான் கொடுப்பார்.

மருத்துவர் சீட்டைத் தள்ளியது தவறு. அதற்காக மறைப்பதா? இவர் கேட்கவில்லையென்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள். அவசரத்துக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள்: லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பும்.

ஒரு தகப்பன்:

என் மகனுக்கும் இதே நோய், 11 வருடம். கோயிலால் அவன் கெடவில்லை, கண் விழித்ததால் கெட்டான். வைகுண்ட ஏகாதசிக்கு இரவு முழுக்க விழித்திருந்தான். மறுநாளும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அன்னதான மண்டபம் கட்டப்போகிறேன் என்று கிளம்பிவிட்டான். இந்த நோயில் மாத்திரை எவ்வளவு முக்கியமோ தூக்கமும் அவ்வளவு முக்கியம் என்று அப்புறம்தான் விளங்கியது. அர்த்தஜாமம் முடிந்து எத்தனை மணிக்குப் படுப்பான் என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

கோயிலில் என்னதான் நடக்கிறது என்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்களே பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைச் சோதித்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சராசரி ஆறு வாரம் தங்கியதில் அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. குறிப்பிட்ட சடங்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. பாதுகாப்பான இடம், கோயிலைச் சுத்தம் செய்வது, செடிக்குத் தண்ணீர் என்று சின்ன வேலைகள், கூடவே ஒரு உறவினர். உங்கள் தம்பி சொன்னதும் அதுதானே? என் மகன் இப்போது சனிக்கிழமை தோறும் கோயிலில் பூ கட்டுகிறான். மாத்திரை டப்பா சட்டைப் பையில் இருக்கும். நான் கேட்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை டப்பாவை எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.

கரூர் அக்கா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வேறு ஒரு மருத்துவரிடம் போனோம். நேர்த்திக்கடன், லேகியம், மாமா, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள், 0.8. லேகியத்தை மூடி வைக்கச் சொன்னார். குணசீலத்துக்கு 48 நாள் இல்லை, பத்து நாள், நான் கூட இருக்க வேண்டும், இரவு பத்து மணிக்குத் தூங்கிவிட வேண்டும், திரும்பியதும் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

உப்பு விஷயத்தைக் கேட்டு அம்மா வெலவெலத்துப் போனார். நேர்ந்ததை எப்படி மாற்றுவது என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு பட்டரிடம் கேட்டுவிட்டு, மகனுக்குப் பதில் தானே உப்பில்லாமல் இருக்கிறேன் என்று மாற்றி வேண்டிக்கொண்டார். அவருக்கு ரத்த அழுத்தம் வேறு, மருத்துவர் எட்டு வருடமாகக் கெஞ்சிய விஷயம். நேற்று ரசத்தை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். தம்பி தன் தட்டிலிருந்த அப்பளத்தை நீட்ட, கையைத் தட்டிவிட்டார்.